தரவையில் கண்டல் நடுமுன்: பரவைக்கடல் ஊர்களோடு வேலை செய்வோருக்கு

யாழ்ப்பாணப் பரவைக்கடலின், அதாவது களப்பின், ஓரமெங்கும் தரவை கிடக்கிறது. மாரியில் முழங்கால் தண்ணீர், கோடையில் உப்புப் பூத்து வெடித்த நிலம். அரியாலை கிழக்கு, நாவற்குழி, கைதடி, மண்டைதீவு, வேலணை, அராலி என்று எந்தப் பக்கம் போனாலும் கண்ணில் படும். பதிவில் அது பெரும்பாலும் அரச காணி. வெளியில் இருந்து வருபவருக்கு வெறுங்காணி. ஊராருக்கு அது ஆடு மேயும் வெளி, வலை உலரும் வெளி, கருவாடு பரப்பும் வெளி, வள்ளம் இழுத்து வைக்கும் கரை, பின்னேரத்தில் பொடியன்கள் கிரிக்கெட் அடிக்கும் மைதானம். கண்டல் என்ற உவர்நீர் மரங்களை நடும் திட்டங்கள் பல இந்த வித்தியாசம் தெரியாமலே தொடங்குகின்றன. முதல் வருடம் படம் எடுக்கிறார்கள், இரண்டாம் வருடம் கன்று இல்லை.

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கைக் கரைகளில் நடந்த கண்டல் நடுகைகளை ஆராய்ந்து 2017இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 23 இடங்களில் 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை நட முயன்றிருந்தார்கள். ஓரளவேனும் பிழைத்தது 200 முதல் 220 ஹெக்டேயர். 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. நடக்கூடாத இடத்தில் நட்டதும், நட்ட பிறகு யாரும் பார்க்காததும் முக்கிய காரணங்கள். இரண்டுமே கரையில் வாழ்பவரைக் கேட்டிருந்தால் தவிர்த்திருக்கக்கூடியவை.

பழங்குடி மக்களோடு சேர்ந்து பொது நிலத்தைப் பேணுவது பற்றி உலகமெங்கும் பேசுகிறார்கள். அந்தச் சொல் இந்த நாட்டில் முதலில் வேடரைக் குறிக்கும். 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது, தம்பானைப் பக்கத்து வேடர் தலைமுறைகளாக வேட்டையாடிய காடு ஒரே நாளில் தடைசெய்யப்பட்ட காடானது. வாகரைப் பக்கத்தில் தமிழ் பேசும் கரையோர வேடர் களப்பில் மீன்பிடித்து வாழ்கிறார்கள். யாழ்ப்பாணத்துக் கடற்றொழிலாளருக்கு அந்தப் பெயர் பொருந்தாது, பொருத்தவும் தேவையில்லை. ஆனாலும் காணி உறுதி இல்லாமல், தலைமுறைப் பாவனையால் மட்டும் வரும் உரிமை இரண்டு பக்கமும் ஒன்றே. வடக்கில் இன்னொன்றும் கூடுகிறது. சனம் இடம்பெயர்ந்திருந்த வருடங்களில் பற்றை மண்டிய காணிகளில், திரும்பி வந்தபோது எல்லைக்கல் நின்ற அனுபவம் பல ஊர்களுக்கு உண்டு. ஆகவே அளவு நாடாவும் ஜிபிஎஸ் கருவியும் கொண்டு கரையில் இறங்கும் எவரையும் சனம் சந்தேகத்தோடுதான் பார்க்கும். அந்தச் சந்தேகத்தை அறியாமை என்று எழுதும் அறிக்கைகளைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

முதல் வேலை மரத்தோடு சம்பந்தப்பட்டதே அல்ல. அந்த நிலத்தை யார், எப்போது, எதற்குப் பாவிக்கிறார்கள் என்று நடந்து பார்த்து எழுதுவது. ஒரு தடவை நடந்தால் போதாது. கோடையில், ஆவணியில் ஒருமுறை, மாரியில், கார்த்திகை அல்லது மார்கழியில் இன்னொருமுறை நடக்க வேண்டும். கோடையில் ஆட்டுப்பாதையாக இருப்பது மாரியில் வள்ளப்பாதையாக இருக்கும். கூட நடப்பவர்களில் தடி நட்டு வலை கட்டும் சிறகுவலைக்காரர் ஒருவர், வீச்சுவலைக்காரர் ஒருவர், நண்டு பிடிப்பவர் ஒருவர், ஆடு வைத்திருப்பவர் ஒருவர், மட்டி பொறுக்கும் அல்லது கருவாடு போடும் பெண்கள் இருவர் கட்டாயம் இருக்கட்டும். கடற்றொழிலாளர் சங்கத் தலைவரோடு மட்டும் நடந்தால் தலைவரின் கரைதான் வரைபடத்தில் வரும்.

பரவைக்கடலில் வலை போடும் இடத்தைப் பாடு என்பார்கள், ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பெயர் உண்டு. சிறகுவலை எந்தத் தடியில் இருந்து எந்தத் தடி வரை, அது யாருடைய முறை என்பதெல்லாம் எழுதாத சட்டம். அந்தப் பெயர்களை அப்படியே எழுதுங்கள். ‘பகுதி அ, பகுதி ஆ’ என்று மாற்றினால் அடுத்த கூட்டத்தில் எவருக்கும் எந்த இடம் என்று விளங்காது. இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பாடுகளும் வலையிடங்களும் குறித்த வரைபடம் வெளியே போனால், எங்கே பண்ணைக்குக் குத்தகை கேட்கலாம் என்று பார்ப்பவருக்கும் அதே வரைபடம் உதவும். கடலட்டைப் பண்ணைகள் வந்த பிறகு இந்தப் பயம் வெறும் பயமாக இல்லை. ஆகவே மூலப் பிரதி சங்கத்தில் இருக்கட்டும். நடுகைக்கு வேண்டிய துண்டை மட்டும் தனியாக வரைந்து திணைக்களங்களுக்குக் கொடுங்கள். இதை நடக்கத் தொடங்கும் முன்னரே சொல்லி, எழுதி ஒப்பமிட வேண்டும். பிறகு சொன்னால் நம்பமாட்டார்கள்.

கூட்டத்தின் நேரமும் இடமும் சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் திட்டம் விழுவது அங்கேதான். காலையில் தொழிலால் வந்து மீன் விற்று நித்திரை கொள்ளும் நேரத்தில் கூட்டம் வைத்தால் வேலையில்லாதவர்தான் வருவார். பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு நல்லது. கத்தோலிக்க ஊர்களில் ஞாயிறு காலைப் பூசை, பெருநாள் நவநாட்கள், சைவ ஊர்களில் கோயில் திருவிழா பார்த்து நாள் குறிக்க வேண்டும். இடம் சங்கக் கட்டடமாகவோ மீன் ஏலம் போகும் கொட்டிலாகவோ இருக்கட்டும். கோயில் மண்டபம் வேண்டாம். அங்கே யார் உள்ளே இருப்பார், யார் வாசலில் நிற்பார், யார் வரவே மாட்டார் என்பது நம் ஊர்களில் இன்னும் தீராத கணக்கு. பெண்களோடு தனியாக ஒருமுறை இருந்து பேசுங்கள். பொதுக்கூட்டத்தில் கருவாடு பரப்பும் இடத்தைப் பற்றி எந்த ஆணும் வாய் திறக்கமாட்டார். அந்த இடத்தில் வேலி வந்த பிறகுதான் வீட்டில் சண்டை வரும்.

இனிக் கடதாசி. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி, கடற்கரையில் சராசரி உயர் நீர்மட்டத்தில் இருந்து தரைப்பக்கம் 300 மீட்டர் கரையோர வலயம். 2011இல் வந்த திருத்தம் களப்புகளின் சுற்றோரத்திலும் 100 மீட்டரைச் சேர்த்தது. ஆகவே தரவையில் வாய்க்கால் வெட்டுவதென்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தைக் கேட்காமல் மண்வெட்டி வைக்கக்கூடாது. கண்டல் மரம் நிற்கும் இடம் வனத் திணைக்களத்தின் பொறுப்பாக இருக்கலாம். சுண்டிக்குளம் போல என்றால் கதையே வேறு. 1938இல் சரணாலயமாகி 2015இல் தேசியப் பூங்காவான இடம் அது, வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் உள்ளே எதுவும் செய்ய முடியாது. விண்ணப்பத்தைக் கிராம அலுவலரிடம் தொடங்கிப் பிரதேச செயலகம் வழியாக அனுப்புவது நல்லது. கடற்றொழில் பரிசோதகருக்கும் பிரதேச சபைக்கும் பிரதி வையுங்கள். கடிதம் உங்கள் அமைப்பின் பெயரில் போகாமல் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரில் போகட்டும். மூன்று வருடத்தில் உங்கள் அமைப்பு இருக்குமோ தெரியாது, சங்கம் இருக்கும். அதோடு காணியின் ஒரு மூலை உறுதிக்காணியா கோயில் காணியா என்பதைப் பக்கத்துக் காணிக்காரரிடம் நேரே கேளுங்கள். வரைபடத்தில் அரச காணியாகத் தெரிவது சில இடங்களில் வழக்கில் கிடக்கும் காணி.

நிலத்தின் உயரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பரவைக்கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில் வித்தியாசம் வாயருகே இரண்டு அடி அளவு, உள்ளே போகப் போக அதுவும் இல்லை. இங்கே தண்ணீர் ஏறி இறங்குவது பெரும்பாலும் மழையாலும் காற்றாலும். வாடைக்காலத்தில் வாரக்கணக்கில் தண்ணீர் நிற்கும், தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலத்தில் மாதக்கணக்கில் நிலம் காயும். அதனால் அரை அடி பள்ளம் என்பது இங்கே பெரிய பள்ளம்.

அளக்க நவீன கருவி தேவையில்லை. மேசன்மார் பாவிக்கும் தண்ணீர் மட்டக் குழாய், அதாவது உள்ளே தண்ணீர் தெரியும் 20 மீட்டர் பிளாஸ்ரிக் குழாய், சென்ரிமீட்டர் குறித்த இரண்டு தடிகள் போதும். முதலில் பக்கத்தில் தானாக முளைத்து நிற்கும் கண்ணா மரங்களின் (இங்கே அதிகம் நிற்கும் கண்டல் வகை) அடிநிலத்தைப் பாருங்கள். பெரிய மரத்தை விட, இடுப்பளவு உயரமுள்ள இளங்கன்றுகள் நிற்கும் இடம்தான் சரியான அளவுகோல். ஏனென்றால் இப்போதைய தண்ணீரில் பிழைத்தவை அவைதான். பெரிய மரம் முப்பது வருடத்துக்கு முந்தைய தண்ணீரில் முளைத்தது, அதன் பிறகு தெருவும் மதகும் வந்திருக்கலாம். அந்த உயரத்தை நடப்போகும் தரவையோடு ஒப்பிடுங்கள். 10 சென்ரிமீட்டருக்குள் ஒத்துப்போனால் நடலாம். 15, 20 சென்ரிமீட்டர் தாழ்வென்றால் மாரித் தண்ணீரில் கன்று மூச்சு முட்டிச் சாகும். அவ்வளவு உயர்வென்றால் ஆடி ஆவணியில் உப்பில் கருகும்.

உப்பையும் பார்க்க வேண்டும். கோடை முற்றிய நேரத்தில் முழங்கை ஆழத்தில் குழி தோண்டி, ஊறும் நீரை உப்புமானியில் பாருங்கள். கடல்நீர் ஆயிரத்துக்கு 35 பங்கு காட்டும். குழிநீர் 70ஐத் தாண்டினால் முளைக்காய்க் கண்டல் வைக்கவே வேண்டாம், கண்ணாவும் குட்டையாகத்தான் நிற்கும். அப்படிப்பட்ட நிலத்துக்கு வேண்டியது கன்று அல்ல, தண்ணீர். பெரும்பாலும் பக்கத்தில் எங்கோ ஒரு மதகு மண்ணும் பிளாஸ்ரிக் போத்தலும் அடைத்துக் கிடக்கும், அல்லது ஒரு தெரு பழைய ஓடையைக் குறுக்கே மறித்திருக்கும். அந்த ஓடை எங்கே ஓடியது என்று அறுபது வயதைத் தாண்டிய எந்தத் தொழிலாளியைக் கேட்டாலும் காலால் கோடு கிழித்துக் காட்டுவார். அந்தக் கோட்டின் வழியே, அனுமதி எடுத்துக்கொண்டு, ஒரு மீட்டர் அகலம், 30 முதல் 40 சென்ரிமீட்டர் ஆழத்தில் கையால் வாய்க்கால் வெட்டலாம். வெட்டிய மண்ணை இரு கரையிலும் வரம்பாகப் போட்டால் போச்சு, தண்ணீர் வாய்க்காலுக்குள்ளேயே சிறைப்பட்டு நிற்கும். மண்ணை அங்கங்கே சிறு திட்டுகளாக விட்டுவிடுங்கள். தண்ணீர் போய் வரத் தொடங்கினால், அருகே தாய்மரம் இருந்தால், இரண்டு மாரிக்குள் கண்ணா தானாக வரும். நடாமல் வரும் கன்றுக்கு விழா வைக்க முடியாது என்பதால் இந்த வழிக்கு நிதி கிடைப்பதுதான் கஷ்டம்.

நடவே கூடாத இடங்களும் உண்டு. சாதாளை என்ற கடற்புல் வளரும் ஆழம் குறைந்த கடல், பூநாரையும் வலசைப் பறவைகளும் மேயும் சேற்றுவெளி, உமரிச் செடி படர்ந்த தரவை இவையெல்லாம் வெறும் நிலம் அல்ல. கண்டல் இல்லாததே அவற்றின் இயல்பு. மண்டைதீவுப் பக்கம் பூநாரை வந்து நிற்கும் சேற்றில் கம்பு குத்தினால் பறவையும் போகும், கன்றும் போகும். எப்படியிருக்க வேண்டும் என்று பார்க்க விரும்புபவர் சரசாலையில் உள்ள கண்டல் காடான குருவிக்காட்டுக்கு ஒருமுறை போய், மரம் எங்கே நிற்கிறது, எங்கே நிற்காமல் வெளி விட்டிருக்கிறது என்று இரண்டையும் கவனித்து வரலாம்.

எதை நடுவது? இங்கே ஆளும் மரம் கண்ணா. உப்பையும் வறட்சியையும் தாங்குவது அதுதான். கண்டல் என்றே பெயர் பெற்ற, நீண்ட முளைக்காய் தொங்கும் வகை, வாய்க்கால் ஓரத்திலும் தண்ணீர் வற்றாத விளிம்பிலும் மட்டும் பிழைக்கும். திட்டக்காரர் கண்டலையே விரும்புவார்கள். காயைப் பிடுங்கி மண்ணில் குத்தினால் வேலை முடிந்தது, படத்திலும் வடிவாக இருக்கும். தரவை நடுவே குத்திய கண்டல் கோடையைத் தாண்டாது.

கண்ணா விதை மாரியோடு விழும். விழுந்த விதையைப் பொறுக்கி, உவர்நீரில் ஓர் இரவு ஊறவிட்டால் மேல்தோல் கழன்றுவிடும். நெடுநாள் சேமிக்கக்கூடாது, ஒரு வாரத்துக்குள் பையில் இடுங்கள். ஆழப் புதைக்காமல் மண்ணில் அமர்த்தினால் போதும், புதைத்தால் அழுகும். கண்டல் காயை மரத்தில் இருந்து பிடுங்கும்போது கழுத்தைப் பாருங்கள். காய்க்கும் தொப்பிக்கும் இடையில் மஞ்சளான வளையம் தெரிந்து, தொட்டதும் கழன்றால் முற்றியது. இழுத்துப் பிய்க்க வேண்டியிருந்தால் பிஞ்சு. கீழே கிடப்பதை எடுத்தால் நண்டோ பூச்சியோ துளைத்த ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். காயின் மூன்றில் ஒரு பங்கு மட்டும் மண்ணுக்குள் போகட்டும்.

நாற்றுமேடைக்கு 6க்கு 9 அங்குலப் பை, பரவைச் சேறு இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு. தென்னோலைக் கீற்றால் பாதி நிழல். தொடக்கத்தில் கிணற்றுநீர் கலந்த உவர்நீர், கடைசி ஒரு மாதம் பரவை நீர் மட்டும். நன்னீரிலேயே வளர்த்து நேரே தரவையில் வைத்தால் இரண்டு கிழமையில் இலை சுருண்டுவிடும். 2,000 பை உள்ள மேடைக்குத் தினம் இரண்டு பேருக்கு இரண்டு மணிநேர வேலை. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குக் கன்று ஒன்றுக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுப்பது நல்லது. விலையை முதலே எழுதுங்கள், பொலித்தீன் பையைத் திருப்பி எண்ணிக் கொடுப்பதையும் அதே தாளில் சேருங்கள். நட்ட இடத்தில் பை மிதந்தால் ஊருக்கு முன் முகம் காட்ட முடியாது.

நேர்கோட்டில் மீட்டருக்கு ஒன்றாக நடும் பழக்கத்தை விடுங்கள். ஐந்து கன்றை அரை மீட்டர் இடைவெளியில் ஒரு கூட்டமாக, கூட்டத்துக்குக் கூட்டம் நான்கு மீட்டர் விட்டு நடலாம். ஏக்கருக்கு ஏறத்தாழ 250 கூட்டம், 1,250 கன்று. கூட்டமாக நின்றால் ஒன்றுக்கொன்று அலையையும் காற்றையும் மறைக்கும், நடுவில் ஆள் நடக்கலாம், பறவை இறங்கலாம். செத்ததற்குப் பதில் வைக்க இன்னும் 300 கன்று மேடையிலேயே நிற்கட்டும். வள்ளம் வரும் பாதைக்கு மூன்று மீட்டர், வலை காயும் இடம், கருவாட்டு இடம் மூன்றையும் முதலில் கயிறு கட்டி ஒதுக்கிவிட்டு, மிஞ்சிய நிலத்தில்தான் கூட்டங்களைக் குறிக்க வேண்டும். நடுகை மாரி மழையோடு வருவதால் இறால் படும் காலத்தோடு மோதும். எந்த நாட்களில் தொழில் குறைவு என்று சங்கம் சொல்லும், அந்த நாட்களுக்கு வேலையை வையுங்கள்.

முதல் எதிரி ஆடு, இரண்டாவது எதிரி மாடு. கண்ணாக் குழை ஆட்டுக்கு நல்ல தீன். வேலி போட்டால் ஆடு நிற்கும் என்பது பாதி உண்மை. ஆட்டுக்காரருக்கு வேறு குழை இல்லையென்றால் வேலி ஓர் இரவில் திறக்கும், யார் திறந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. ஆகவே வேலிக்கு முன் குழை. பூவரசு உவரைத் தாங்கும். தரைப்பக்க எல்லையில் பூவரசங் கதியாலை (நட்டால் துளிர்க்கும் வேலிக் கம்பை) மாரித் தொடக்கத்தில் நட்டால் அதுவே வேலி, இரண்டாம் வருடத்தில் அதுவே தீன். கிளுவை இங்கே உப்பில் பிடிக்காது. கதியால் துளிர்க்கும் வரை பனையோலை மட்டையால் அடைக்கலாம், கடற்பக்கம் வேலி வேண்டாம். பழைய வலையைச் சுற்றிக் கட்டும் யோசனை எல்லா ஊரிலும் வரும், சும்மா கிடைப்பதால். அதை ஏற்காதீர்கள். கொக்கும் நண்டும் சிக்கிச் சாகும், வாடைக்காற்றில் கிழிந்து பரவையில் மிதந்து வள்ளத்து இயந்திரத்தில் சுற்றும்.

மாரி முடிந்து தை, மாசியில் தண்ணீர் இறங்கும்போது சாதாளையும் பாசியும் கன்றின் மேல் படுத்துவிடும். ஈரமாக இருக்கும்போது கனம், காய்ந்தால் கன்றை இறுக்கி ஒடிக்கும். இந்த இரண்டு மாதமும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கையால் ஒதுக்க வேண்டும். கம்பியால் வாரினால் வேரும் வரும். ஒதுக்கிய சாதாளையைத் தோட்டக்காரர் பசளைக்கு எடுப்பார், சொல்லிவைத்தால் அவர்களே ஒதுக்கவும் உதவுவார்கள்.

காசை எப்படிக் கொடுக்கிறோம் என்பதில்தான் பராமரிப்பு தங்கியிருக்கிறது. நட்ட அன்றே முழுக்கூலி கொடுத்தால் நடுகையோடு எல்லாம் முடியும். 40 வீதம் நட்டதும், 30 வீதம் ஆறாம் மாதத்தில், 30 வீதம் பதினெட்டாம் மாதத்தில் உயிரோடு நிற்கும் கன்றை எண்ணி, என்று பிரித்தால் காவல் தானாக வரும். ஆனால் புயலிலோ வெள்ளத்திலோ போன கன்றுக்கு ஊரைத் தண்டிக்கக்கூடாது. அந்த விதிவிலக்கை உடன்படிக்கையில் எழுதாவிட்டால் முதல் பெருமழையோடு உறவு முறியும். எண்ணுவதற்கு 10க்கு 10 மீட்டரில் ஐந்து சதுரங்களை மூலைக்கம்பு நட்டு நிரந்தரமாக வையுங்கள். ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தை எண்ணினால் நல்ல இடமே கண்ணில் படும். எண்ணும்போது சங்கத்தவர் ஒருவர், மாதர் சங்கத்தவர் ஒருவர், நீங்கள் ஒருவர், மூவரும் ஒரே கொப்பியில் ஒப்பமிடுங்கள்.

விதிகள் ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. குழை வெட்டலாமா, எந்த மாதம், எந்தப் பக்கம், மீறினால் யார் யாரிடம் பேசுவது என்பவை மட்டும் போதும். நிற்கும் கண்டல் மரத்தை வெட்டுவது சட்டப்படியே குற்றம், ஆகவே தரப்படும் குழை எல்லைப் பூவரசில் இருந்துதான் என்று தெளிவாக எழுதுங்கள். விதியை மீறினவரை முதலில் சங்கம் கூப்பிட்டுக் கேட்கட்டும், பொலிசுக்குப் போவது மூன்றாம் தடவைக்கு. அறிவித்தல் பலகையில் ‘உட்பிரவேசித்தல் தடை’ என்று எழுதிய இடங்களில் பலகைதான் முதலில் விழுந்திருக்கிறது. சங்கத்தின் பெயரைப் பெரிதாகவும், நிதி தந்தவரின் பெயரைச் சிறிதாகவும் எழுதுங்கள். தருபவர் கோபித்தால், பலகையைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, இரண்டாவது பலகை ஒன்றை அவருடைய அலுவலகத்துக்குச் செய்து கொடுங்கள்.

மூன்றாம் வருடத்தில் கதியாலை ஒருமுறை கத்தரித்து, விழுந்த மட்டை வேலியை எடுத்துவிட வேண்டும். அதற்குள் கண்ணா இடுப்புக்கு மேல் நிற்கும். மட்டையை எடுக்கும் நாளில் ஆட்டுக்காரர்களையும் கூப்பிடுங்கள். பூவரசங் குழையை எந்தெந்தக் கிழமை யார் வெட்டுவது என்ற முறையை அன்றைக்கே கொப்பியில் எழுதி, கொப்பியையும் மட்டக் குழாயையும் சங்க அலுமாரியில் வைத்துப் பூட்டித் திறப்பைச் செயலாளரிடம் கொடுத்துவிடலாம்.